கப்பலில் வருத்தம் வந்தால் எங்கே இறக்குவார்கள்?

துபாயில் வேலை செய்யும் மச்சான், 2022 பெப்ரவரியில் நான்கு இரவுகள் கொண்ட உல்லாசக் கப்பல் பயணம் ஒன்றுக்கு எனக்கும் சேர்த்துப் பதிவு செய்திருந்தார். தங்கச்சி, மச்சான், அவர்களது இரண்டு பிள்ளைகள், நான். விடயத்தை உம்மாவிடம் சொன்னபோது அவர் விலையைக் கேட்கவில்லை, எந்தெந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

"கப்பல்ல வருத்தம் வந்தா ஒன்ன எங்க மனே எறக்குவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நற்பிட்டிமுனையில் அந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி இருந்தது. கொவிட்டால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி கடைசி வரைக்கும் அது மாறவில்லை. மாறிய பிறகும் ஜனாஸாக்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்குத்தான் போயின. அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணி பரவிய 2020 நவம்பரில், காய்ச்சல் என்று சொல்லவே எங்கள் பக்கத்தில் ஆட்கள் பயந்தார்கள். வருத்தம் வந்தால் நம்மை யார், எங்கே கொண்டுபோவார்கள், அந்த முடிவை யார் எடுப்பார்கள் என்பதை உம்மா தன் தெருவிலேயே பார்த்துப் படித்திருந்தார்.

பயண முகவரிடம் கேட்டேன். "அதெல்லாம் கம்பனி பாத்துக்கும்" என்றார். அந்தப் பதில் போதாது என்று பட்டது. நானே தேடத் தொடங்கினேன்.

ஒரு கப்பலுக்கு எத்தனை சட்டம்?

விமானத்தில் ஏறும் பயணிக்கு இரண்டு நாடுகளின் விதிகள் தெரிந்தால் பெரும்பாலும் போதும். புறப்படும் நாடு ஒன்று, இறங்கும் நாடு மற்றொன்று. கப்பல் அப்படியல்ல. கப்பல் எந்த நாட்டில் பதியப்பட்டதோ, அதாவது எந்தக் கொடியைப் பறக்கவிடுகிறதோ, அந்த நாட்டின் சட்டம் உண்டு. அது நுழையும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் அந்தந்த நாட்டின் சட்டம் உண்டு. கப்பலை நடத்தும் நிறுவனமோ மூன்றாவது நாடொன்றில் இருக்கும்.

2020 பெப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் இதற்குச் சரியான உதாரணம். கொடி பிரித்தானியாவுடையது, நிறுவனம் அமெரிக்காவுடையது, நின்ற கடல் ஜப்பானுடையது. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. பொறுப்பு முதலில் யாருக்கு என்ற கேள்வி கடைசி வரை நீடித்தது.

துறைமுகத்துக்குள் வரும் கப்பலின் தலைவர் சுகாதார அறிக்கை ஒன்றைக் கையளிக்க வேண்டும். கப்பலில் யாருக்கு என்ன வருத்தம், யாராவது இறந்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். துறைமுகச் சுகாதார அதிகாரி அதைப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகே ஆட்கள் இறங்கலாம். 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் 28ஆம் உறுப்புரை, பொதுச் சுகாதாரத்தைக் காரணம் காட்டி இந்த அனுமதியை மறுக்கக் கூடாது என்கிறது. எரிபொருள், தண்ணீர், உணவு ஏற்றுவதையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் 43ஆம் உறுப்புரை, நாடுகள் நியாயமான காரணங்களோடு மேலதிக நடவடிக்கைகள் எடுக்க இடம் தருகிறது. பெருந்தொற்று தொடங்கியதும் பல நாடுகள் அந்தக் கதவின் பின்னால்தான் போய் நின்றன.

வெஸ்டர்டாம் என்ற கப்பலை ஜப்பான், தாய்வான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து ஆகிய ஐந்து இடங்களும் திருப்பி அனுப்பின. கடைசியில் 2020 பெப்ரவரி 13 அன்று கம்போடியாவின் சிஹானுக்வில் அதை ஏற்றது.

கொழும்பில் இறங்கிய இருவர்

இதன் இலங்கை அத்தியாயம் பலருக்கு நினைவிருக்கும். 2020 ஜனவரியில் உலகைச் சுற்றப் புறப்பட்ட எம்.எஸ்.சி. மெக்னிஃபிகா, மார்ச்சில் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, அவுஸ்திரேலியாவிலிருந்து பயணிகளோடு ஐரோப்பாவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 6 அன்று எரிபொருளுக்காகக் கொழும்புக்கு வந்தது. அதில் இலங்கைச் சமையற்காரர் ஒருவர் இருந்தார். சொந்த நாட்டின் கரைக்கு இவ்வளவு அருகில் வந்தும் இறங்க முடியாதா என்று அவர் காணொளி மூலம் வேண்டுகோள் விடுத்தார். அது நாடு முழுக்கப் பரவியது. அதன் பிறகே அவரை இறக்க அரசாங்கம் இணங்கியது. கடற்படையினர் அவரை இறக்கித் தனிமைப்படுத்தலுக்கு அனுப்பினார்கள். அவசரச் சிகிச்சை தேவைப்பட்ட ஜேர்மன் பெண் ஒருவரும் இறக்கப்பட்டார். மற்றவர்களோடு கப்பல் புறப்பட்டு ஏப்ரல் 20 அன்று மார்செய் துறைமுகத்தை அடைந்தது.

அந்தச் செய்தியை அப்போது நல்ல முடிவாகத்தான் வாசித்தேன். இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அவர் இலங்கைப் பிரஜை, வந்தது இலங்கைத் துறைமுகம். அப்படியிருந்தும் காணொளி ஒன்று பரவ வேண்டியிருந்தது. சொந்த நாட்டிலேயே அப்படியென்றால், வேறு நாட்டுத் துறைமுகத்தில் இலங்கைக் கடவுச்சீட்டோடு நிற்பவர் எதை நம்புவது?

எழுத்தில் வந்த பதில்

பெருந்தொற்றுக் கால விதிகளில் எங்களுக்குத் தெரிந்தவை பீ.சி.ஆர்., தடுப்பூசி அட்டை, முகக்கவசம். உம்மாவின் கேள்விக்கான பதில் அவற்றில் இல்லை. அது வேறோர் இடத்தில் இருந்தது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 மார்ச் 14 அன்று உல்லாசக் கப்பல்களை நிறுத்தியது. அந்த வருட ஒக்டோபர் கடைசியில் நிபந்தனைகளோடு மீளத் தொடங்க வழி வகுத்தது. அந்த நிபந்தனைகளில் ஒன்று, கப்பல் நிறுவனம் தான் பயன்படுத்தும் துறைமுகத்தோடும் உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகளோடும் முன்கூட்டியே உடன்படிக்கை செய்ய வேண்டும் என்பது. தொற்றுக்குள்ளானவரை எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவது, தனிமைப்படுத்த எங்கே தங்க வைப்பது என்பதெல்லாம் கப்பல் புறப்படும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் இன்னொரு வழியில் போனது. 2020 நவம்பரில் எந்த நாட்டுக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களை அனுமதித்தது. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டுமே ஏறலாம், பாதி அளவு ஆட்கள், ஏறும் முன் பரிசோதனை. டிசம்பரில் ஒரு பயணிக்குத் தொற்று என்று பரிசோதனை காட்டியதும் கப்பல் நேரே சிங்கப்பூருக்குத் திரும்பியது. பிறகு செய்த பரிசோதனைகளில் அவருக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. ஆனால் எங்கே இறக்குவது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

நான் பயணப்பட ஒரு மாதம் முன், 2022 ஜனவரியில், மும்பையிலிருந்து கோவாவுக்குப் போன கோர்டீலியா கப்பலில் 66 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்தக் கப்பலும் மும்பைக்கே திரும்பியது.

இதையெல்லாம் வைத்துக் கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். தொற்று உறுதியானால் கப்பலில் தனி அறை, பிறகு பயணம் தொடங்கிய துறைமுகத்தில் இறக்கம் என்று பதில் வந்தது. துபாய் என்றால் தங்கச்சி வீடு இருக்கிறது. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப சரி" என்றார்.

ஆனால் அந்தப் பதில் இரண்டு புதிய கேள்விகளைக் கொண்டுவந்தது. முதலாவது, விசா. கப்பல் இடையில் இன்னொரு வளைகுடா நாட்டுக்குப் போய்த் திரும்பும். கடல் வழியாக வெளியேறினாலும் அது வெளியேற்றம்தான். எனக்காக முகவர் விண்ணப்பிக்கவிருந்தது ஒரு தடவை மட்டும் நுழையும் விசா. அதோடு ஏறியிருந்தால் துபாய்க்குள் மறுபடி நுழையும்போது சிக்கியிருப்பேன். பல தடவை நுழையும் விசாவாக மாற்றச் சொன்னேன்.

இரண்டாவது, காப்புறுதி. "கொவிட் உட்பட" என்று முதல் பக்கத்தில் இருந்தது. உள்ளே வாசித்தால் வைத்தியசாலைச் செலவு மட்டும்தான். தனிமைப்படுத்தலுக்காக ஹோட்டலில் தங்கும் நாட்களும், தவறவிடும் விமானத்துக்குப் பதிலான பயணச்சீட்டும் அதில் இல்லை. மேலும் கொஞ்சம் பணம் கட்டி வேறொன்று எடுத்தேன்.

இறங்க முடியாதவர்கள்

பயணம் நன்றாகத்தான் போனது. யாருக்கும் வருத்தம் வரவில்லை. பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு வெளியே வரவில்லை. துறைமுகங்களில் கப்பல் நிறுவனம் ஒழுங்கு செய்த பஸ்ஸில் ஏறி, காட்டிய இடங்களைப் பார்த்து, அதே பஸ்ஸில் திரும்பினோம்.

இரண்டாம் நாள், சாப்பாட்டு மண்டபத்தில் நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு ஒரு தம்பி பக்கத்தில் வந்தார். மூதூர்க்காரர். எங்களோடு பஸ்ஸில் வருவாரா என்று தங்கச்சியின் மகன் கேட்டான்.

"நீங்க நாலு நாள்ல எறங்கிருவீங்க நானா" என்றார் அவர், பிள்ளைக்குச் சொல்லாமல் எனக்கு. "நான் ஏறி அஞ்சு மாசம். துறைமுகத்தப் பாக்கலாம், மிதிக்க ஏலாது."

பயணிகளுக்காக எழுதப்பட்ட விதிகளைத்தான் நான் வாரக்கணக்கில் வாசித்திருந்தேன். ஊழியர்களுக்கு விதி வேறு. ஒப்பந்தம் முடிந்த கடலோடியை நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி அவரது உரிமை. ஆனாலும் 2020 இறுதியில் சரக்குக் கப்பல்களையும் சேர்த்து ஏறக்குறைய 400,000 கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் கரையேற முடியாமல் இருந்ததாகச் சர்வதேச கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது.

இப்போது கேட்க வேண்டியவை

அந்த விதிகள் இன்று இல்லை. 2022 ஜூலையில் அமெரிக்க மையம் கப்பல்களுக்கான கொவிட் திட்டத்தை முடித்துக்கொண்டது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அடுத்த மாதமே, கோவாவிலிருந்து திரும்பிய அதே கோர்டீலியா கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்தது. கப்பல் பயணம் பற்றி எங்கள் பக்கத்திலும் இப்போது ஆட்கள் விசாரிக்கிறார்கள்.

விசாரிப்பவர்களிடம் நான் நான்கு விடயங்களைக் கேட்கச் சொல்வேன். இடையில் வருத்தம் வந்தால் எந்தத் துறைமுகத்தில் இறக்குவார்கள்? அந்த நாட்டுக்கான விசா உங்களிடம் இருக்கிறதா, திரும்பி நுழையவும் அது செல்லுமா? காப்புறுதி வைத்தியசாலைக்கு வெளியே ஆகும் செலவையும் ஏற்குமா? கப்பல் எந்த நாட்டின் கொடியில் ஓடுகிறது, ஒரு பிரச்சினை என்றால் எந்த நாட்டில் முறையிட வேண்டும்?

முகவர் வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். எழுத்தில் கேளுங்கள். கப்பலில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் முதல் கேள்வியை அவர்களும் கேட்கட்டும்.