மோடுகளும் தாய் ஸ்கேலும்

மேற்கத்திய இசையில் ஒரு ஸ்கேலின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுள் வேறொன்றை ஆதார சுரமாகக் கொள்ளும்போது கிடைக்கும் அமைப்பு மோடு எனப்படும். அது பிறந்த ஸ்கேல் தாய் ஸ்கேல் ஆகும். கர்நாடக இசையில் கிரக பேதம் என்பதும் இதே செயல்தான்.

பியானோவின் வெள்ளைக் கட்டைகளைச் சி முதல் அடுத்த சி வரை வாசித்தால் சி மேஜர் ஸ்கேல் (அயோனியன்) வரும். அதே கட்டைகளில் டி ஆதாரமானால் டோரியன், ஈ ஃப்ரிஜியன், எஃப் லிடியன், ஜி மிக்ஸோலிடியன், ஏ ஏயோலியன், பி லோக்ரியன். சுரத்தானங்களை மட்டும் பார்த்தால் முதல் ஆறும் முறையே சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, மேசகல்யாணி, அரிகாம்போதி, நடபைரவி ஆகும். லோக்ரியனில் பஞ்சமம் இல்லாததால் அதற்கு இணையான மேளகர்த்தா இல்லை. கமகமும் சஞ்சாரமும் சேர்ந்த இராகத்தை மோடுடன் ஒன்றாக்கிவிடக் கூடாது.

டி-யில் தொடங்கினாலே டோரியன் ஆகிவிடும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. கீழே பாஸும் கார்டும் சி-யில் நின்றால், டி-யில் தொடங்கிய வரிசையும் சி மேஜராகவே கேட்கும். இசை எங்கே இளைப்பாறுகிறது என்பதே மோடைத் தீர்மானிக்கிறது. டி மைனர் கார்டு நீண்டு ஒலிக்க, அதன்மேல் பி சுரம் வரும்போதுதான் டோரியனின் நிறம் தெரியும். எஃப் மேஜரைத் தாயாகக் கொண்ட டி ஏயோலியனில் அவ்விடத்தில் பி ஃபிளாட் இருக்கும். இரண்டுக்கும் அந்த ஒரு சுரமே வேறுபாடு.

மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டான 'கைண்ட் ஆஃப் புளூ'வில் உள்ள 'ஸோ வாட்' இதற்கு நல்ல சான்று. பார் எனப்படும் தாளப் பகுதிகள் 32 கொண்ட அமைப்பில் முதல் 16 பார் டி டோரியன், அடுத்த 8 பார் ஈ ஃபிளாட் டோரியன், கடைசி 8 பார் மீண்டும் டி டோரியன். தாய் ஸ்கேல்கள் சி மேஜரும் டி ஃபிளாட் மேஜரும். ஆனால் அவற்றின் ஆதார சுரங்களில் இசை நிலைகொள்வதில்லை. கார்டு விரைந்து மாறாததால், மனோதர்மமாக வாசிப்பவருக்கு ஒரே மோடில் நெடுநேரம் உலவ இடம் கிடைக்கிறது.

டி மைனர் ஏழு, ஜி ஏழு, சி மேஜர் ஏழு என்று கார்டுகள் வேகமாக நகரும் இடத்தில் நிலைமை வேறு. பாடநூல்கள் இவற்றுக்கு டோரியன், மிக்ஸோலிடியன், அயோனியன் என மூன்று பெயர் தரும். காதுக்கோ எல்லாம் சி மேஜர்தான். அங்கே மோடின் பெயரைத் தேடுவதைவிட, ஒவ்வொரு கார்டின் மூன்றாம், ஏழாம் சுரங்களைக் குறிவைத்து வாசிப்பது பயன் தரும் என்பது என் கருத்து.

தாய் மேஜராகவே இருக்க வேண்டியதில்லை. ஜாஸ் கலைஞர்கள் கையாளும் மெலோடிக் மைனர், ஏறினாலும் இறங்கினாலும் கௌரிமனோகரியின் சுரங்களையே கொண்டது. அதன் நான்காம் சுரம் ஆதாரமானால் வாசஸ்பதியின் சுரங்கள் வரும். அவர்கள் அதை லிடியன் டாமினன்ட் என்பர். ஏழாம் சுரம் ஆதாரமானால் வருவது ஆல்டர்டு ஸ்கேல். ஜி ஏழு கார்டின்மேல் ஏ ஃபிளாட் மெலோடிக் மைனரின் சுரங்களை வாசிப்பது இவ்வகையே. விரல்கள் பழகிய ஸ்கேலில் ஓடினாலும், கீழே ஜி ஒலிப்பதால் ஜி-யும் கார்டின் மூன்றாம், ஏழாம் சுரங்களும் தவிர மற்றவை உரசலாகக் கேட்கும். அடுத்து வரும் சி கார்டில் அந்த உரசல் தணியும்.