எலும்பு ஒட்டும், குருத்தெலும்பு ஏன் ஒட்டாது?

ஒன்பதாம் வகுப்பில் இணைப்புத் திசு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கபடி அணியில் ஆடும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், எலும்பு உடைஞ்சா ஒட்டிக்குதுங்க. முட்டியில இருக்கிற குருத்தெலும்பு மட்டும் ஏனுங்க ஒட்டாது?” மூட்டு வலியோடு கரும்பலகை முன் நிற்கும் எனக்கும் அதே கேள்விதான்.

எலும்பில் இரத்த ஓட்டம் உண்டு. உடைந்த இடத்தைச் சீராக்கும் செல்கள் வந்து சேரும். மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுத் திரவமே அதற்கு உணவு. காண்ட்ரோசைட் செல்களும் குறைவு. மேட்ரிக்ஸுக்குள் அடைபட்டிருப்பதால் காயத்துக்கு எளிதில் நகர்ந்து வராது.

வராத செல்களை நாமே கொண்டுபோய் வைக்கலாமே? 1987-இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் லார்ஸ் பீட்டர்சன் குழுவினர் அதைத்தான் செய்தனர். நாற்றங்காலில் நாற்று வளர்த்து வயலில் நடுவது போன்ற முறை இது. மூட்டில் எடை அதிகம் தாங்காத ஓரத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்து, அதன் செல்களை ஆய்வகத்தில் சில வாரங்கள் பெருக்கி, இரண்டாவது அறுவை சிகிச்சையில் பள்ளத்தில் வைப்பார்கள். 1994-இல் வெளியான முடிவுகளில், தொடை எலும்பின் முனையில் செய்துகொண்ட 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன்; முழங்கால் சில்லில் செய்துகொண்ட 7 பேரில் 2 பேருக்கு மட்டுமே. இந்தியாவில் மும்பையின் ரீகுரோ பயோசயின்சஸ் நிறுவனத்தின் இவ்வகைச் சிகிச்சைக்கு 2017-இல் ஒப்புதல் கிடைத்தது.

ஆசையோடு என் மருத்துவரிடம் கேட்டேன். “அடிபட்டு ஓரிடத்தில் பள்ளம் விழுந்தவங்களுக்குத்தான் இதுங்க டீச்சர். உங்களுது மூட்டு முழுக்கத் தேய்மானம்” என்றார். ஏமாற்றம்தான், ஆனாலும் தெளிவு கிடைத்தது.

மாணவி கேட்ட காரணம் பிறகுதான் தெரிந்தது. விழுந்ததிலிருந்து அவள் முட்டி வீங்கி, மடக்கும்போது சிக்கிக்கொள்கிறதாம். அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று மறைத்திருக்கிறாள். அன்று மாலையே அவள் அம்மாவை வரவழைத்துப் பேசினேன். மறுநாள் மருத்துவரிடம் காட்டினார்கள். இப்போது ஓய்வில் இருக்கிறாள்.

நரம்பில்லாத திசு தொடக்கத்தில் வலிக்காமலேயே சேதப்படலாம். எனவே “வலிக்குதா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், வீக்கம் இருக்கிறதா, முட்டி சிக்குகிறதா என்றும் பாருங்கள். ‘எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆடு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.