பருவை விரட்டும் மாத்திரை... கருவை என்ன செய்யும்?

கல்யாணத் தேதி குறித்தாயிற்று. பத்திரிகையும் அடித்தாயிற்று. மணப்பெண்ணின் முகத்தில் மட்டும் பரு குறையவில்லை. தோல் மருத்துவர் ஐசோட்ரெடினாயின் கேப்சூல் எழுதித் தருகிறார். சில மாதங்களில் முகம் தெளிகிறது, கல்யாணமும் முடிகிறது. ஸ்ட்ரிப்பில் மிச்சமிருக்கும் கேப்சூல்களை, 'வீணாகப் போவானேன்' என்று தொடர்ந்து விழுங்கினால்?

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஐசோட்ரெடினாயின், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. வடு விழும் அளவுக்கான தீவிரப் பருக்களுக்கு நல்ல பலன் தரும். ஆனால், கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்டால் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடுகள் வரலாம்.

அமெரிக்கா கற்ற பாடம்

1982-ல் ரோச் நிறுவனம் இந்த மருந்தை 'அக்குடேன்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை அப்போதே இருந்தது. ஆனாலும், கர்ப்பம் என்றே தெரியாமல் பலர் சாப்பிட்டார்கள்.

இந்த மருந்து உடலில் சேர்ந்த 154 கர்ப்பங்களைப் பற்றிய ஆய்வு 1985-ல் வெளியானது. 95 கர்ப்பங்கள் கலைக்கப்பட்டன. 12 தானாகவே கலைந்தன. மீதி 47-ல், 21 குழந்தைகளுக்குப் பெரிய குறைபாடுகள். காது மடல் இல்லாமல் அல்லது மிகச் சிறிதாக இருப்பது, சிறுத்த கீழ்த்தாடை, இதயக் கோளாறு, மூளை வளர்ச்சிப் பாதிப்பு என ஒரே மாதிரியான குறைகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன.

தெரிவதற்குள் நடந்துவிடுகிறது

கருவில் எந்த செல் எங்கே போய் எந்த உறுப்பாக வேண்டும் என்பதை வழிநடத்துவதில் வைட்டமின் ஏ-விலிருந்து உருவாகும் ஓர் அமிலத்துக்குப் பங்கு உண்டு. அதன் அளவு கூடினால் அந்த வழிகாட்டுதலே குழம்பிவிடும். இந்த மருந்து செய்வது அதைத்தான்.

கருத்தரித்த மூன்று முதல் ஐந்து வாரங்கள் மிக ஆபத்தான காலம். அதாவது, 'நாள் தள்ளிப்போயிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்' என்று பெண்கள் காத்திருக்கும் அதே நாட்கள்! அதனால்தான் கர்ப்பம் உறுதியான பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதவாது.

2006-ல் அமெரிக்கா 'ஐபிளெட்ஜ்' என்ற திட்டத்தைக் கட்டாயமாக்கியது. நோயாளி, மருத்துவர், மருந்துக்கடை எல்லோரும் அதில் பதிவு செய்ய வேண்டும். கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை உண்டு. அப்படியும் இந்த மருந்து சாப்பிடும்போது கர்ப்பமாவது முழுமையாக நிற்கவில்லை.

நம் வீட்டில் கவனிக்க வேண்டியவை

* இந்தியாவிலும் இது மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. தோழிக்கோ தங்கைக்கோ பலன் தந்தது என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். மிச்சத்தைப் பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

* மருந்தைத் தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

* அதே ஒரு மாதம் முடியும்வரை ஆண்களும் பெண்களும் ரத்த தானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம்.

* சொரியாசிஸுக்குத் தரப்படும் அசிட்ரெடின் இதே குடும்பம்தான். அதை நிறுத்திய பிறகு 3 ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது.

* அடாபலீன், ட்ரெடினாயின் போன்ற பூசும் மருந்துகள் உடலுக்குள் சேர்வது மிகக் குறைவு. ஆனாலும் கர்ப்ப காலத்தில் அவற்றைத் தவிர்க்கவே மருத்துவர்கள் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளின் பருவுக்கு அசெலிக் ஆசிட் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன.

ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால்?

உடனே மருந்தை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எந்த நாளில், எத்தனை கேப்சூல் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் பாதிப்பு வருவதில்லை. அந்த 47-ல் 26 குழந்தைகளுக்குப் பெரிய குறைபாடு எதுவும் இல்லை. விரிவான ஸ்கேனும் கருவின் இதயப் பரிசோதனையும் பார்த்த பிறகு மருத்துவருடன் பேசி முடிவெடுக்கலாம். குடும்பத்தார் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லாமல் துணை நிற்க வேண்டிய நேரம் அது.

தோல் மருத்துவரிடம் போகும்போது, 'எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது' அல்லது 'குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் எந்த மருந்தை எழுதலாம் என்று அவரால் முடிவு செய்ய முடியும்.