தனித்தொகுதியில் தலைமுறைகள் மோதும்போது

எங்கள் ஊர் பெரியநாயக்கன்பாளையம், கவுண்டம்பாளையம் சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. அது பொதுத் தொகுதி. மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே போனால் காரமடையிலேயே தொகுதி மாறிவிடும். அங்கே தொடங்குகிறது நீலகிரி நாடாளுமன்றத் தனித்தொகுதி. தேர்தல் நேரத்தில் எங்கள் பஸ் ஸ்டாப் டீக்கடைகளில், "அந்தப் பக்கம் யாரைங்க நிறுத்தியிருக்காங்க?" என்ற கேள்வி தவறாமல் வரும். நிறுத்தியிருக்காங்க என்ற அந்தச் சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. தனித்தொகுதி வேட்பாளர் நிற்பதில்லை, நிறுத்தப்படுகிறார்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் நீலகிரியில் நின்ற மூன்று பேரைப் பாருங்கள். தி.மு.க.வின் ஆ.ராசா, பெரம்பலூர்க்காரர், 2009-லிருந்து இந்தத் தொகுதியின் முகம். பா.ஜ.க.வின் எல்.முருகன், நாமக்கல் மாவட்டத்துக் கோனூரில் அருந்ததியர் குடும்பத்தில் பிறந்து, வழக்கறிஞராகி, மத்திய இணை அமைச்சரானவர். மூன்றாமவர் அ.தி.மு.க.வின் லோகேஷ் தமிழ்ச்செல்வன், முன்னாள் சபாநாயகர் ப.தனபாலின் மகன். ராசா 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சபாநாயகரின் மகன் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

தனபால் 1977-ல், இருபத்தைந்து இருபத்தாறு வயதில், சங்ககிரியில் வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர். 2012 முதல் 2021 வரை சபாநாயகர் நாற்காலியில் இருந்தார். அவர் கடைசியாக வென்ற களத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2021, அவிநாசி தனித்தொகுதி. எதிரே நின்றவர் ஆதித்தமிழர் பேரவையின் இரா.அதியமான். மலம் அள்ளும் தொழிலிலிருந்து தன் மக்களை விடுவிக்கவும், அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்காகவும் தெருத்தெருவாகப் பேசி அமைப்பு கட்டியவர். அவர் தன் கொடியோடு நிற்க முடியவில்லை; கூட்டணிக் கட்சியின் உதயசூரியனில் நின்றார். தனபால் சுமார் 50 ஆயிரம் வாக்கில் ஜெயித்தார். கட்சி வழியாக உயர்ந்த மூத்தவரும் இயக்கம் வழியாக வந்தவரும் ஒரே சமூகத்துக்குள் மோதிக்கொண்ட தேர்தல் அது. ஆனால் முடிவைச் சொன்னவர்கள் அந்தச் சமூகத்தார் அல்லர்.

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களின் கதையை இதோடு வைத்துப் பார்த்தால்தான், முடிவைச் சொல்வது யார் என்ற வேறுபாடு உறைக்கும். நியூயார்க்கின் ஹார்லெமில் ஆடம் கிளேட்டன் பவல் 1944-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஒரு காலத்தில் ஹார்லெம் என்றாலே பவல்தான். 1970-ல் கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் சார்லஸ் ராங்கெல் என்ற இளைய வழக்கறிஞர் அவரைச் சுமார் 150 வாக்கில் வீழ்த்தினார். அதன்பின் 46 ஆண்டுகள் ராங்கெல்தான் உறுப்பினர். தந்தையைத் தோற்கடித்தவரை எதிர்த்து பவலின் மகன் 1994-லும் 2010-லும் நின்று பார்த்தார். இரண்டு முறையும் தோல்வி. சிகாகோவில் 2000-ஆம் ஆண்டு முதற்கட்டத் தேர்தலில், நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்து ஓர் இளம் மாநில செனட்டர் நின்றார். ரஷ் கருஞ்சிறுத்தைகள் கட்சியில் வளர்ந்தவர். இளைஞர் படுதோல்வி கண்டார். பெயர் பராக் ஒபாமா.

பவலையும் ராங்கெலையும் ரஷ்ஷையும் எடைபோட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின வாக்காளர்களே. தங்கள் தலைவன் பழையவனா புதியவனா என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். நம் ஊரில் பெரும்பாலான தனித்தொகுதிகளில் பட்டியல் சமூகத்தார் வாக்காளர்களில் சிறுபான்மை. வேட்பாளர் அவர்களில் ஒருவர், அவ்வளவுதான். தேர்வு செய்யும் கை கட்சித் தலைமையுடையது. ஜெயிக்க வைக்கும் கை பிற சாதி வாக்காளர்களுடையது. இந்த இரு கைகளுக்கும் பிடிக்காதவர், காலனிக்காரர்கள் எவ்வளவு கொண்டாடினாலும், மேலே வர முடியாது.

இது 1932-லேயே நம் தலைவர்கள் மோதிக்கொண்ட விஷயம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு நின்று தனி வாக்காளர் தொகுதி கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன். அவரைவிட ஒரு தலைமுறை இளையவரான எம்.சி.ராஜா, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டுக் கூட்டுத் தொகுதியே போதும் என்றார். கடைசியில் பூனா ஒப்பந்தம் வந்தது. அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்ததைப் பலரும் மறந்துவிட்டோம். ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மட்டும் முதலில் வாக்களித்து நான்கு பேரைப் பொறுக்கியெடுக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஹார்லெமின் முதற்கட்டத் தேர்தலுக்கு ஒப்பான உரிமை அது. பத்து ஆண்டு வரைதான் என்ற வரம்போடு வந்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ராஜாவும் சீனிவாசனும் சண்டை போட்டது வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சண்டை கொள்கைச் சண்டை. இன்றைய போட்டிகளில் பாதி, சீட்டுச் சண்டையாகக் குறுகிப்போனதுதான் வருத்தம்.

குறுகாத சண்டையும் ஒன்று உண்டு. நீதிபதி எம்.எஸ்.ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைப்படி 2009-ல் பட்டியல் சமூகத்தாரின் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்தது. புதிய தமிழகம் கட்சித் தலைவரும் கோவை மருத்துவருமான கிருஷ்ணசாமி அதை எதிர்த்தார். 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. அப்போது விடுதலைச் சிறுத்தைகள் தீர்ப்பின் சில பகுதிகளை ஏற்கவில்லை, எல்.முருகன் அக்கட்சித் தலைவர் திருமாவளவனைக் கடுமையாகச் சாடினார். திருமாவளவன் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் துப்புரவுத் தொழிலில் தலைமுறைகளாக அடைபட்ட மக்களுக்குக் கிடைத்த 3 சதவீதத்தில், பட்டியல் சமூகத்தின் மூத்த சகோதரர்கள் இன்னும் மனமுவந்து துணை நின்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்றாக நிற்காத தலைமையை எங்கள் பக்கத்திலேயே பார்த்தோம். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய கருங்கல் மதில் சரிந்து ஓட்டு வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள், அத்தனை பேரும் அருந்ததியர். தூக்கத்திலேயே போனார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று ஊரே சொன்னது. நீதி கேட்டுப் போராடிய தமிழ்ப் புலிகள் கட்சியின் நாகை திருவள்ளுவன் கைதானார். தலைவர்கள் எல்லோரும் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, அவரவர் கொடியோடு. அதியமான், ஆதித்தமிழர் கட்சியின் ஜக்கையன், திருவள்ளுவன் என்று ஒரே மக்களுக்குத் தனித்தனி அமைப்புகள். ஒரே மேடையில் நிற்கும் தலைமை அந்தப் பதினேழு பேரின் வீட்டாருக்குத் தேவைப்பட்டது.

தி.மு.க.வின் மதிவேந்தன் போன்ற படித்த இளையவர் ராசிபுரம் தனித்தொகுதி வழியாக அமைச்சரானது நல்ல மாற்றம். அது போதாது. 2001-ல் திருச்சி பொதுத் தொகுதியில் தலித் எழில்மலை வென்றார். 2021-ல் திருப்போரூர் பொதுத் தொகுதியில் எஸ்.எஸ்.பாலாஜி வென்றார். அங்கே முடிந்தது கொங்கு மண்ணில் ஏன் முடியாது? தனித்தொகுதிக்கு வேட்பாளரைப் பொறுக்கும்முன் காலனி மக்களிடம் கட்சிகள் வாக்கெடுக்கட்டும். ஒரு தேர்தலிலாவது கவுண்டம்பாளையத்தில், எங்கள் பொதுத் தொகுதியில், ஓர் அருந்ததியரை நிறுத்தட்டும். சீட் கேட்டு வரும் கட்சிக்காரர்களிடம் இதைக் கேளுங்கள்.