ஸ்பெயின் நாட்டு உணவு முறை

ஒரு நாட்டின் மொழியை நூல்களின் வாயிலாகக் கற்கலாம். ஆனால், அந்நாட்டு மக்களின் இயல்பை அறிய விரும்புவோர் அவர்களுடன் அமர்ந்து உண்ணுதல் வேண்டும். இவ்வுண்மையை ஸ்பெயின் நாட்டிற்குச் சென்று பயிலும் மாணவர் விரைவில் உணர்வர்.

ஸ்பெயினிலுள்ள சாலமன்கா நகரில், 1218-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பழம்பெரும் பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. பல நாட்டு மாணவர் அங்குக் கல்வி பயில்கின்றனர். அவர்களுள் சிலர் அந்நகரக் குடும்பங்களோடு தங்குவர். அவர்களுக்கு முதலில் வியப்பளிப்பது உணவு கொள்ளும் வேளையே ஆகும்.

காலையில் பால் கலந்த காப்பியும், ஒலிவ எண்ணெய் தடவிய வாட்டிய ரொட்டியும் போதும் என்பர் அந்நாட்டவர். தலைமையான உணவு பிற்பகல் 2 மணிக்கு மேல்தான். இரவு உணவோ 9 அல்லது 10 மணிக்கு. 12 மணிக்கே பசித்து வரும் புதிய மாணவன், உணவகங்களில் சமையல் முடியாதிருத்தலைக் கண்டு திகைப்பான்.

இதற்குக் காரணம் யாது? ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீனிச் கோட்டிற்கு மேற்கே உள்ளது. எனினும், 1940-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டன; அம்மாற்றம் பின்னர் நீக்கப்படவே இல்லை. கோடையில் மேலும் ஒரு மணி கூட்டப்படும். ஆதலின், கோடையில் சாலமன்காவில் கதிரவன் உச்சிக்கு வரும்பொழுது கடிகாரம் 2 மணியைக் கடந்துவிடும். கடிகாரப்படி காலந்தாழ்ந்ததாகத் தோன்றும் உணவு, கதிரவன்படி நண்பகல் உணவே அன்றோ!

உணவு வகைகளிலும் அந்நாட்டு வரலாறு பொதிந்து கிடக்கிறது. வாலன்சியா பகுதியினர் அகன்ற தட்டையான வாணலியில் அரிசி, இறைச்சி, அவரை, குங்குமப்பூ முதலியன இட்டுப் 'பாயேயா' என்னும் சோற்றைச் சமைப்பர். 711-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் குடியேறிய முஸ்லிம்களே அங்கு நெற்பயிரைப் பரப்பினர். அரிசியையும் குங்குமப்பூவையும் குறிக்கும் ஸ்பானியச் சொற்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை. முட்டையுடன் சேர்த்துப் பொரிக்கும் உருளைக்கிழங்கும், தென்பகுதியினர் கோடையில் பருகும் குளிர்ந்த சாற்றிலுள்ள தக்காளியும், 1492-இல் கொலம்பசு கடல் கடந்த பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்தன.

உண்போரைக் கண்டால், "உணவு நன்கு பயன்படுக" என்னும் பொருள்பட வாழ்த்துதல் அந்நாட்டு வழக்கம். உண்டு முடித்ததும் அவர்கள் உடனே எழுவதில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்தவாறே நெடுநேரம் உரையாடுவர். இதற்குச் 'சோப்ரமேசா' என்று பெயர். பாட்டியார் பழங்கதை கூறுவார், இளைஞர் அரசியல் பேசுவர், குழந்தைகள் கேட்டிருப்பர். உண்டவுடன் தன் அறைக்குச் செல்லும் மாணவனுக்குப் பசி தீரும். ஆனால், அவ்வீட்டில் அவன் என்றும் அயலானாகவே இருப்பான். பிழைபடப் பேசினும் அங்கேயே அமர்ந்திருப்பவனோ, மொழியையும் நட்பையும் ஒருங்கே பெறுவான்.

இக்காலத்தில் இம்முறைக்கு இடர்ப்பாடும் தோன்றியுள்ளது. பெருநகரங்களில் பணிபுரிவோர் பலர் பிற்பகலில் வீடு திரும்ப இயலாமல் வெளியில் உண்கின்றனர். இரவு உணவு தாழ்வதால் உறக்கம் குறைகிறது என்று சிலர் வருந்துகின்றனர். 2016-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரதமர், வேலை நாள் மாலை 6 மணிக்கு முடிதல் வேண்டும் என்றும், கடிகாரத்தை மாற்றுதல் பற்றி ஆராய்தல் வேண்டும் என்றும் கூறினார். குடும்பத்தார் கூடி உண்ணும் பொழுதைக் காத்துக்கொண்டே உறக்கத்தையும் பேணுவது எவ்வாறு என்பதே இன்று அவர்கள்முன் உள்ள வினா.

பிறநாட்டு வழக்கம் நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். அதனை இகழாமல் அதன் காரணத்தை ஆராய்வதே கற்றவர்க்கு அழகு. அவ்வாறு ஆராய்வோர்க்கு அயல்நாட்டு மேசையும் ஒரு கல்விக்கூடமே ஆகும்.