பழைய ஜப்பானியக் குறுங்கத்திகள்: காலமும் மெய்ம்மையும் அறியும் முறை

ஜப்பான் நாட்டுப் பழைய வாட்களைப் பற்றிப் பலரும் கேள்வியுற்றிருப்பர். அந்நாட்டுக் குறுங்கத்திகளோ அத்துணை அறியப்பட்டவையல்ல. 1 ஷாகு, அதாவது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளத்திற்கு உட்பட்ட கத்தி 'டான்டோ' எனப்படும். வாளுறையின் பக்கத்தில் செருகப்படும் சிறு கத்தி 'கொகதனா' ஆகும். பழமை மிக்கவற்றுக்கு விலை மிகுதி. ஆதலின் போலிகளும் மலிந்துள்ளன. உண்மையை அறிவது எங்ஙனம்?

துருவே சான்று

டான்டோவின் பிடியிலுள்ள மூங்கில் ஆணியை அகற்றினால், பிடிக்குள் மறைந்திருந்த அடிப்பகுதி வெளிப்படும். இதனை ஜப்பானியர் 'நகாகோ' என்பர். அலகு காலந்தோறும் சாணை பிடிக்கப்படும்; நகாகோவையோ மெருகிடுவதில்லை. எனவே அதன்மீது துரு மெல்ல மெல்லப் படிகிறது. நூற்றாண்டுகள் கண்ட துரு கருமை கலந்த பழுப்பு நிறத்துடன், சீராகவும் இறுகப் பற்றியும் இருக்கும். அமிலத்தால் விரைந்து உண்டாக்கிய துரு பெரும்பாலும் செம்மஞ்சள் நிறத்துடன் திட்டுத்திட்டாகக் காணப்படும்.

கொல்லர் தம் பெயரை உளியால் வெட்டுவதும் நகாகோவிலேயே. பெயரைக் காட்டிலும் எழுத்தின் பள்ளங்களே நோக்கத்தக்கவை. பள்ளத்தினுள் உள்ள துருவும் வெளித்துருவும் ஒத்திருத்தல் வேண்டும். பழைய துருவைக் கிழித்துக்கொண்டு எழுத்து சென்றிருப்பின், பெயர் பிற்காலத்தில் வெட்டப்பட்டது என்பது தெளிவு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழுற்றிருந்த மாசமுனே பெயர் பொறித்த படைப்புகள் மிகச் சிலவே. ஆகவே அவர் பெயரைக் கண்டவுடன் நம்பிக்கையன்று, ஐயமே எழவேண்டும். கொகதனாவில் காணும் புகழ்பெற்ற பெயர்களும் பெரும்பாலும் அலங்காரமே.

வடிவம் கூறுவது

காமகுரா காலத்து டான்டோ ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுடையது. வளைவின்றியோ, சிறிதே உட்புறம் சாய்ந்தோ இருக்கும். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கத்திகள் நீண்டு, அகன்று, மெலிந்து, சிறு வளைவும் பெற்றன. ஆயினும் வடிவம் ஒன்றையே நம்பலாகாது. 19ஆம் நூற்றாண்டுக் கொல்லர் பழைய வடிவங்களை விரும்பிப் பின்பற்றினர். இங்கு வேறொரு குறிப்பு துணை செய்யும். பன்முறை சாணையிடப்பட்ட அலகு தேய்ந்து, நகாகோவைவிட மெலிந்து தோன்றும். அடியருகே கூர் தீட்டப்படாத பகுதி எஞ்சியிருப்பின், அக்கத்தி அதிகம் சாணை காணாதது, பெரும்பாலும் பிற்காலத்தது.

எஃகின் அமைப்பு

இரும்பு மணலையும் மரக்கரியையும் உலையிலிட்டுப் பெற்ற எஃகைக் கொல்லர் பன்முறை மடித்து அடித்தனர். அதனால் அலகில் மரத்தின் நார்வரி போன்ற வரிகள் தோன்றின. பின்னர் முதுகுப்புறம் களிமண்ணைத் தடிப்பாகவும் கூர்ப்புறம் மெல்லியதாகவும் பூசி, காய்ச்சி நீரில் தோய்த்தனர். விரைந்து குளிர்ந்த கூர்ப்புறம் 'மார்ட்டென்சைட்' என்னும் கடின அமைப்பைப் பெற்றது. மெல்லக் குளிர்ந்த முதுகு முறியாத தன்மையுடன் நின்றது. இரண்டும் கூடும் எல்லையே 'ஹாமோன்' என்னும் வெண்கோடு. அலகைச் சாய்த்து ஒளியில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கின், மெய்யான கோட்டில் நுண்ணிய படிகங்கள் மின்னும். அமிலத்தால் வரைந்த கோடு வெறும் மங்கல் வெண்மையே.

ஆசிரியர் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். தையலூசிகள் இரண்டைச் செந்நிறமாகக் காய்ச்சி, ஒன்றை நீரில் தோய்த்து மற்றொன்றை மெல்ல ஆறவிடுக. கண்களுக்குக் காப்பு அணிந்து, இடுக்கியால் வளைத்துக் காட்டுக. முன்னது முறியும், பின்னது வளையும்.

செய்யத்தகாதன

பழங்கத்தி ஒன்று கிடைத்தால் அதனைத் துலக்கிக் காட்டும் ஆர்வம் இயல்பே. அவ்வார்வமே பெருங்கேடு. உப்புத்தாள் கொண்டு நகாகோவைத் தேய்ப்பவர், பல நூறாண்டுச் சான்றைச் சில நிமிடங்களில் அழித்துவிடுகிறார். அதனை மீட்க வழியில்லை. அலகை விரலால் தொடுதலும் கூடாது. வியர்வையின் உப்பு துருவை விளைவிக்கும். அளவு, எடை, நிழற்படம் ஆகியவற்றைப் பதிவு செய்து, வல்லுநரின் கருத்தை நாடுவதே முறை. ஜப்பானில் 1948இல் நிறுவப்பட்ட கலைவாள் பாதுகாப்புச் சங்கம் இத்தகைய கத்திகளை ஆராய்ந்து சான்றிதழ் வழங்குகிறது. நியூட்ரான் கதிர்களால் அலகை வெட்டாமலே உள்ளமைப்பை அறியும் முறையும் இன்று கைவந்துள்ளது. ஆயினும் எந்தக் கருவியாலும் அழிந்த துருவைப் படிக்க இயலாது.