வீட்டிலேயே கரண்ட் வேலி செய்யலாமா?

மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிண்டிவிட்டுப் போனால் யாருக்கும் ஆத்திரம் வரும். "நம்ம பையன் ரேடியோவே திருத்துறான், ஒரு கரண்ட் வேலி போடமாட்டானா?" என்ற பேச்சும் லயத்தில் எழும். வீட்டில் மின்கருவி செய்வது பிரயோசனமா என்பதை இந்த வேலியை வைத்தே பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது வெல்லாவெளி. அங்கே வயலுக்கும் வீட்டுக்கும் யானை வரும், உயிரிழப்பும் உண்டு. அத்தகைய இடங்களுக்கான முறையான யானை வேலியில் ஒரு பெட்டி இருக்கும். சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் 12 வோல்ட் பற்றரியில் அதை ஓட்டலாம். கம்பியில் பல ஆயிரம் வோல்ட் பாயும். ஆனால் செக்கனுக்கு ஒரு தரம் அளவில்தான். அதுவும் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே. யானை சுரீரென்று உணர்ந்து விலகும், சாகாது.

வீட்டுக் கரண்ட் அப்படியல்ல. 230 வோல்ட்தான், ஆனால் விடாமல் பாயும். பிடித்த கை இறுகிவிடும். அந்த கரண்டில் மிகச் சிறு அளவு நெஞ்சு வழியே போனாலும் இதயம் நின்றுவிடலாம். இப்படி இழுத்த கம்பிகளில் யானைகளும், கம்பி போட்டவர்களும், வழியில் போனவர்களும் மாண்டிருக்கிறார்கள். இது சட்டப்படியும் குற்றம்.

அப்படியானால் அந்தப் பெட்டியைச் செய்தால் என்ன? கெட்டிக்காரப் பிள்ளை செய்துவிடுவான். ஆனால் அதில் கோளாறு வந்து கரண்ட் அதிக நேரம் பாய்ந்தால், ஆள் விழுந்த பிறகுதான் தெரியவரும். ஆகவே பெட்டியைக் கடையில் வாங்குவதே நல்லது.

வீட்டில் செய்யக்கூடியது எச்சரிக்கை மணி. தோட்டத்தைச் சுற்றி நைலோன் நூல் கட்டுங்கள். உடுப்புக் கிளிப் ஒன்றின் இரு வாயிலும் செம்புக் கம்பி சுற்றி, நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். நூலின் நுனியை அந்தத் துண்டில் கட்டுங்கள். நான்கு டோர்ச் பற்றரியையும் ஒரு 6 வோல்ட் பஸரையும் கிளிப் கம்பிகளோடு இணையுங்கள். பன்றி நூலில் இடறினால் துண்டு கழன்று, கம்பிகள் முட்டி, பஸர் கத்தும். நாம் எழும்பி, வீட்டு வாசலில் நின்றே தகரம் தட்டலாம். கையில் பிடித்தாலும் ஆபத்தில்லை.

பற்றரியில் ஓடும் இதுபோன்ற சின்னக் கருவிகளைப் பிள்ளைகள் செய்து பழகட்டும். பிளக்கில் இருந்து எடுப்பதை மின் வேலை படித்தவரிடம் விடுவோம். வெளியே கம்பி இழுத்திருப்பதைக் கண்டால் உடனே சொல்லுங்கள். விடியற்காலை இருட்டில் கொழுந்தெடுக்கப் போகிறவர் அந்த வழியால்தான் நடப்பார்.